குளிர் அணு ஆய்வில் வெப்பநிலை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை

இயற்பியல் முதுகலை படிக்கும் மாணவர் ஒருவர் கேட்ட கேள்வி இது: “அணுக்களைத் தனிச்சுழி வெப்பநிலைக்கு மிக அருகில் கொண்டுபோய் போஸ்–ஐன்ஸ்டைன் செறிநிலையை 1995-லேயே உண்டாக்கிவிட்டார்கள், 2001-இல் அதற்கு நோபல் பரிசும் கொடுத்தாயிற்று. இன்னும் குறைந்த வெப்பநிலையைத் தொடும் போட்டியைத் தவிர, அந்தத் துறையில் இப்போது என்னதான் செய்கிறார்கள்? இதில் முனைவர் பட்டம் செய்யலாமா?”

இரண்டாவது கேள்விக்கான பதில் முதல் கேள்விக்கான பதிலைப் பொறுத்தது என்பதால் அதையே விரிவாக எடுத்துக்கொள்கிறேன். கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது. செய்திகளில் வெளிவருவது பெரும்பாலும் ‘பிரபஞ்சத்திலேயே மிகக் குளிர்ந்த இடம்’ என்ற தலைப்புகள்தாம். ஆனால் இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் கெல்வின் எண்ணைத் தனியாகச் சொல்லிப் பெருமைப்படுவது அரிது. அவர்கள் பார்ப்பது ஒரு விகிதத்தை: வாயுவின் வெப்ப ஆற்றல், அந்த அமைப்பில் முக்கியமான மற்றோர் ஆற்றலில் எத்தனையில் ஒரு பங்கு என்பதை. அந்த விகிதம்தான் அணுக்களிடையே மிஞ்சியிருக்கும் ஒழுங்கின்மையை, அதாவது என்ட்ரோபியை, காட்டுகிறது. இன்றைய ஆய்வின் பெரும்பகுதி அந்த என்ட்ரோபியைக் குறைப்பதையும், குறைந்தபின் அணுக்கள் எப்படி அமைகின்றன என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்பதையும் சுற்றியே நடக்கிறது.

முதலில், ஏன் நானோகெல்வின், அதாவது கெல்வினில் நூறு கோடியில் ஒரு பங்கு, என்ற அளவுக்குப் போக வேண்டியிருந்தது? அறை வெப்பநிலையில் ஒரு ருபீடியம் அணுவின் வெப்ப அலைநீளம், அதாவது அதன் குவாண்டம் அலைத்தன்மை பரவியிருக்கும் தொலைவு, ஏறத்தாழ 0.01 நானோமீட்டர், அது அணுவின் பருமனைவிடவும் சிறியது. 100 நானோகெல்வினில் அதே அணு வினாடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில்தான் நகர்கிறது, அதன் அலைநீளம் 0.6 மைக்ரோமீட்டராக நீள்கிறது. அண்டை அணுக்களுக்கிடையிலான தொலைவை இந்த அலைநீளம் எட்டும்போது, டாக்காவிலிருந்து சத்யேந்திர நாத் போஸ் 1924-இல் ஐன்ஸ்டைனுக்கு அனுப்பிய கட்டுரையில் தொடங்கிய புள்ளியியல் செயல்படத் தொடங்குகிறது: அணுக்கள் பெருமளவில் ஒரே குவாண்டம் நிலையில் திரள்கின்றன, அதுவே போஸ்–ஐன்ஸ்டைன் செறிநிலை. அப்படியானால் வாயுவை நெருக்கி அடைத்து, அணுக்களிடையிலான தொலைவைக் குறைத்து, இவ்வளவு குளிரைத் தவிர்க்கலாமே என்று தோன்றும். அது முடியாது. இந்த வெப்பநிலையில் ருபீடியத்தின் இயல்பான நிலை திண்ம உலோகம். வாயுவாக அது இருப்பதே ஒரு தற்காலிக ஏற்பாடு. மூன்று அணுக்கள் ஒரே இடத்தில் மோதினால் அவற்றில் இரண்டு மூலக்கூறாக இணைந்து, வெளிப்படும் ஆற்றலில் மூன்றாவதையும் கண்ணியிலிருந்து, அதாவது அணுக்களைப் பிடித்துவைக்கும் காந்த அல்லது ஒளி அமைப்பிலிருந்து, எறிந்துவிடும். இத்தகைய மோதல்கள் அரிதாக இருக்க வேண்டுமானால், வாயு நாம் சுவாசிக்கும் காற்றைவிட லட்சம் மடங்குக்கும் மேல் அடர்த்தி குறைந்ததாக இருக்க வேண்டும். அவ்வளவு ஐதான வாயுவில் அணுக்கள் ஒன்றிலிருந்து ஒன்று மிகத் தள்ளியிருப்பதால்தான் நானோகெல்வின் கட்டாயமாகிறது.

அங்கே போய்ச் சேரும் வழி பாடப்புத்தகங்களில் இருப்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். எதிரே வரும் லேசர் ஒளியின் ஒவ்வொரு ஃபோட்டானும் ருபீடியம் அணுவின் வேகத்தை வினாடிக்கு 6 மில்லிமீட்டர் குறைக்கிறது. வினாடிக்கு 300 மீட்டர் வேகத்தில் வரும் அணுவை நிறுத்த ஏறத்தாழ 50,000 ஃபோட்டான்கள் வேண்டும். இந்த முறையில் சோடியத்துக்கு 240 மைக்ரோகெல்வின்தான் எல்லை என்று கோட்பாடு கூறியிருக்க, 1988-இல் வில்லியம் பிலிப்ஸ் குழுவினர் 40 மைக்ரோகெல்வினை அளந்தார்கள். செய்முறை கோட்பாட்டைவிட நன்றாக நடப்பது இயற்பியலில் அபூர்வம். காரணத்தைக் கோஹன்-தனூஜியும் தலிபாரும் பிறகு விளக்கினார்கள். எஞ்சிய தூரத்தைக் கடப்பது ஆவியாதல் மூலம்: டம்ளரில் வைத்த சூடான காபி ஆவியை இழந்து ஆறுவதுபோல, கண்ணியின் விளிம்பைத் தாழ்த்தி அதிவேக அணுக்களைத் தப்பவிட்டு, மிஞ்சியவை தமக்குள் மோதிக் குறைந்த வெப்பநிலையில் சமநிலை அடையக் காத்திருக்கிறார்கள். 1995 ஜூனில் பௌல்டர் நகரின் ஜிலா ஆய்வகத்தில் எரிக் கார்னலும் கார்ல் வீமனும் 170 நானோகெல்வினில் சுமார் 2,000 ருபீடியம் அணுக்களில் செறிநிலையைக் கண்டது இப்படித்தான். அதே ஆண்டு எம்ஐடியில் வோல்ஃப்காங் கெட்டர்லே சோடியத்தில் அதைக் காட்டினார். அவருடைய வாயுவில் அணுக்கள் சில லட்சம் இருந்தன, வெப்பநிலையும் 2 மைக்ரோகெல்வின் என அதிகம். வெப்பநிலை அதிகமாக இருந்தும் செறிநிலை வந்தது, ஏனெனில் அடர்த்தியும் அதிகம். கெல்வின் எண் மட்டும் எதையும் தீர்மானிப்பதில்லை என்பது அந்த முதல் ஆண்டிலேயே தெரிந்துபோனது.

இதற்கு இன்னும் தெளிவான சான்று இன்றைய சாதனை எண்ணே. ஜெர்மனியின் பிரெமன் நகரில் உள்ள 146 மீட்டர் உயர விழுகோபுரத்தில், எர்ன்ஸ்ட் ராசெல் தலைமையிலான குழு ருபீடியம் செறிநிலை ஒன்றைக் கோபுரத்துக்குள் தடையின்றி விழவிட்டு, 2021-இல் 38 பிக்கோகெல்வினை அறிவித்தது. ஒரு கெல்வினைக் கோடியாகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மீண்டும் லட்சமாகப் பிரித்தால் கிடைப்பது 1 பிக்கோகெல்வின். அத்தகைய 38 பங்குகள்தாம் அந்த அளவு. ஆனால் அங்கே நடந்தது என்ன? விரிந்துகொண்டிருக்கும் அணுத்திரளின் மீது ஒரு காந்தப்புலத்தைச் சிறிது நேரம் செலுத்தி, ஒளிக்கதிர்களை வில்லை இணையாக்குவதைப்போல, வெளிநோக்கிச் செல்லும் அணுக்களின் வேகத்தைக் குறைத்தார்கள். திரள் பெரிதாகிறது, வேகங்களின் பரவல் சுருங்குகிறது, வெப்பநிலை எண் விழுகிறது; என்ட்ரோபி அப்படியே இருக்கிறது. இதனால் பயனில்லை என்று சொல்லவில்லை. மெதுவாக விரியும் திரளை நீண்ட நேரம் கவனிக்கலாம், அதைக் கொண்டு ஈர்ப்புவிசையை நுணுக்கமாக அளக்கலாம். 2018 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் இயங்கும் நாசாவின் குளிரணு ஆய்வகத்தின் நோக்கங்களில் ஒன்றும் அதுவே. ஆனால் அணுக்கள் தமக்குள் எப்படி ஊடாடுகின்றன என்று அறிய விரும்புபவருக்கு இந்த எண் எதையும் சொல்வதில்லை.

ஊடாட்டத்தை அறிய விரும்புபவர் ஃபெர்மியான்களிடம் போக வேண்டும். ஒரே குவாண்டம் நிலையில் எத்தனை வேண்டுமானாலும் சேரக்கூடிய துகள்கள் போசான்கள்; ஒரு நிலையில் ஒன்றுக்கு மேல் இருக்க முடியாதவை ஃபெர்மியான்கள். எலெக்ட்ரான்களும் ஃபெர்மியான்கள் என்பதால், திண்மப் பொருள்களின் புதிர்கள் எல்லாம் அங்கேதான் தொடங்குகின்றன. 1999-இல் ஜிலாவில் டெபோரா ஜின்னும் அவருடைய மாணவர் பிரையன் டிமார்க்கோவும் பொட்டாசியம்-40 அணுக்களைக் குவாண்டம் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரேவகை ஃபெர்மியான்கள் மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் ஒன்றோடொன்று மோதுவதே இல்லை என்பதால் ஆவியாதல் முறை அவற்றில் நின்றுவிடும். அதைத் தாண்ட அவர்கள் இரு தற்சுழற்சி நிலைகளில் உள்ள அணுக்களைக் கலந்து பயன்படுத்தினார்கள். காந்தப்புலத்தை மாற்றுவதன் மூலம் அணுக்களுக்கிடையிலான விசையை விருப்பம்போல் கூட்டவும் குறைக்கவும், கவர்ச்சியை விலக்கலாக மாற்றவும் உதவும் ஃபெஷ்பாக் ஒத்திசைவும் கைக்கு வந்தபின், 2004-இல் ஜின் ஃபெர்மியான் இணைகளின் செறிநிலையைக் காட்டினார். 2005-இல் எம்ஐடியில் சுழற்றப்பட்ட லித்தியம் வாயுவில் சுழல்கள் ஒழுங்கான வரிசையில் அமைந்து, அது உராய்வின்றி ஓடும் மீப்பாய்மம் என்பதில் ஐயமில்லாமல் செய்தன. ஜின் 2016-இல் தமது 47-ஆவது வயதில் காலமானார். நோபல் பட்டியலில் இருந்திருக்க வேண்டிய பெயர் அது என்பது என் கருத்து.

இங்கே விகிதத்தின் பொருள் விளங்கும். விசை உச்சத்தில் இருக்கும் அந்த லித்தியம் வாயு மீப்பாய்மமாக மாறும் வெப்பநிலை, அதன் ஃபெர்மி வெப்பநிலையில் (ஃபெர்மியான்களின் அடர்த்தியும் நிறையும் தீர்மானிக்கும் ஆற்றலை வெப்பநிலையாகச் சொல்லும் அளவுகோல்) 0.167 மடங்கு என்று எம்ஐடியில் மார்ட்டின் ஸ்வியர்லைன் குழு 2012-இல் அளந்தது. மின்தடையின்றி மின்சாரத்தைக் கடத்தும் வழக்கமான உலோக மீக்கடத்திகளில் இதே விகிதம் பத்தாயிரத்தில் ஒன்று என்ற அளவுக்கும் கீழே இருக்கும். தாமிர ஆக்சைடுகளில் நூற்றில் ஒன்று என்ற அளவில் இருக்கும். ஓர் உலோகத்தின் எலெக்ட்ரான் அடர்த்திக்கு இந்த வாயுவை அளவு மாற்றிப் பார்த்தால், அறை வெப்பநிலையைத் தாண்டியும் மீக்கடத்தியாகவே இருக்கும். நூறு நானோகெல்வினுக்கு அருகில் இருக்கும் ஒரு வாயுவை ‘உயர்வெப்பநிலை மீப்பாய்மம்’ என்று அழைப்பது முரண்போலத் தோன்றும். விகிதத்தைப் பார்ப்பவருக்கு அதில் முரண் இல்லை.

இனி இந்தத் துறையின் மிகக் கடினமான, என் பார்வையில் மிக முக்கியமான, பகுதிக்கு வருகிறேன். 1986-இல் பெட்னார்ட்ஸும் முல்லரும் தாமிர ஆக்சைடுகளில் கண்ட உயர்வெப்பநிலை மீக்கடத்துத்திறனுக்கு இன்றுவரை ஒருமித்த விளக்கம் இல்லை. அதன் சாரத்தைப் பிடிக்கும் என்று பலர் நம்பும் எளிய மாதிரி, 1963-இல் ஜான் ஹப்பர்ட் எழுதியது: ஓர் அணிக்கோவையில், அதாவது ஒழுங்கான இடைவெளியில் அமைந்த இடங்களின் வலையில், எலெக்ட்ரான்கள் ஓரிடத்திலிருந்து அடுத்த இடத்துக்குத் தாவலாம், அதற்கு ஓர் ஆற்றல், ஒரே இடத்தில் இரண்டு அமர்ந்தால் அதற்கு ஒரு விலை, அது இன்னோர் ஆற்றல். ஒரு வரியில் எழுதிவிடலாம். ஆனால் இரு பரிமாணத்தில், இடங்களைவிட எலெக்ட்ரான்கள் சற்றுக் குறைவாக இருக்கும் நிலையில், பெரிய அமைப்புகளுக்கு அதை நம்பகமாகத் தீர்க்கும் பொதுவான கணினி முறை எதுவும் இல்லை. ஃபெர்மியான்களின் எதிர்க்குறிகள் ஒன்றையொன்று ஏறத்தாழ முழுதாக அழித்துக்கொள்வதால், புள்ளியியல் முறையில் கணக்கிடத் தேவையான நேரம் அடுக்குக்குறி வேகத்தில் ஏறிவிடுகிறது.

எனவே கணக்கிடுவதற்குப் பதில் அந்த மாதிரியை அப்படியே கட்டி, அது என்ன செய்கிறதென்று பார்க்கலாம் என்ற எண்ணம் வந்தது. எதிரெதிரே செல்லும் லேசர் கதிர்கள் உண்டாக்கும் நிலையலையில் அரை மைக்ரோமீட்டர் இடைவெளியில் ஒளிப்பள்ளங்கள் வரிசையாக அமைகின்றன. எலெக்ட்ரான்களின் இடத்தில் லித்தியம்-6 அல்லது பொட்டாசியம்-40 அணுக்கள் அவற்றில் அமர்கின்றன. ஒளியின் செறிவைக் கூட்டினால் தாவல் குறையும், காந்தப்புலத்தை மாற்றினால் ஓரிடத்தில் இரண்டு அமர்வதன் விலை மாறும். 2002-இல் மியூனிக்கில் கிரைனர், எஸ்லிங்கர், ஹென்ஷ், ப்ளோக் ஆகியோர் ருபீடியம் போசான்களைக் கொண்டு, மீப்பாய்மம் ஒவ்வோர் இடத்திலும் அணுக்கள் உறைந்து நிற்கும் மாட் காப்பு நிலையாக மாறுவதைக் காட்டியது இந்த வழியின் தொடக்கம். 2009-இல் ஹார்வர்டில் கிரைனரும் அடுத்த ஆண்டு கார்ச்சிங்கில் ப்ளோக், கூர் ஆகியோரும், அணிக்கோவையில் உள்ள ஒவ்வோர் அணுவையும் தனித்தனியே படமெடுக்கும் குவாண்டம் வாயு நுண்ணோக்கிகளை இயக்கினார்கள். 2015-இல் ஃபெர்மியான்களுக்கும் இது வந்தது. திண்மப் பொருள் இயற்பியலாளர் ஒருவர் சராசரிகளை மட்டுமே பார்த்துப் பழகியிருக்க, இங்கே ஒவ்வொரு படமும் பல துகள்களின் குவாண்டம் நிலையிலிருந்து எடுக்கப்பட்ட ஒரு மாதிரியாகக் கிடைக்கிறது.

ஆனாலும் வெப்பநிலை விடவில்லை. தாமிர ஆக்சைடில் எலெக்ட்ரானின் தாவல் ஆற்றல் ஏறத்தாழ 4,000 கெல்வினுக்குச் சமம். ஒளி அணிக்கோவையில் அணுவின் தாவல் ஆற்றலோ சில பத்து நானோகெல்வின்தான். 2017-இல் ஹார்வர்ட் குழு, சுமார் 80 இடங்கள் கொண்ட அமைப்பின் குறுக்கே அண்டைத் தற்சுழற்சிகள் மேலும் கீழுமாக மாறிமாறி நிற்கும் எதிர்ஃபெர்ரோகாந்த ஒழுங்கைக் கண்டபோது, அதன் வெப்பநிலை தாவல் ஆற்றலில் 0.25 பங்கு. இதைத் தாமிர ஆக்சைடின் அளவுகோலுக்கு மாற்றினால் 1,000 கெல்வின்! மேசைமேல் கிடக்கும் தாமிர ஆக்சைடுத் துண்டு, இந்தக் கணக்கில், உலகின் மிகக் குளிர்ந்த வாயுக்களில் ஒன்றைவிடப் பலமடங்கு குளிர்ந்தது. மீக்கடத்துத்திறன் 100 கெல்வினுக்கு அருகில் வருவதால், வாயுவை இன்னும் பத்து மடங்கு கீழே இறக்க வேண்டியிருந்தது. பல ஆண்டுகளாக அந்த எண் அசையாமல் நின்றது.

ஏன் அசையவில்லை என்றால், இந்த வாயுவுக்கு வெளிப்புறக் குளிர்சாதனம் எதுவும் கிடையாது. அது வெற்றிடத்தில் தனியே தொங்குகிறது. ஒளி அணிக்கோவையை மெல்ல ஏற்றும்போது வெப்பநிலை மாறினாலும், முன்பே இருந்த என்ட்ரோபி குறையாது, கருவிக் குறைகளால் கூடத்தான் செய்யும். எனவே செய்யக்கூடியது என்ட்ரோபியை இடம் மாற்றுவது: வாயுவின் ஒரு பகுதியைக் கழிவுத்தொட்டியாக ஒதுக்கி, ஒழுங்கின்மையை அங்கே தள்ளிவிட்டு, நடுப்பகுதியை ஆய்வது. 2017-இல் செய்தது அதுவே. 2025-இல் அதே ஹார்வர்ட் குழு வேறு வழியில் போனது. ஒவ்வோர் இடத்திலும் அணுக்கள் எப்படி இருக்கின்றன என்பது முன்பே உறுதியான, என்ட்ரோபி மிகக் குறைந்த ஓர் எளிய நிலையை முதலில் ஆயத்தப்படுத்திவிட்டு, மாதிரியின் அளவுருக்களை மெதுவாக மாற்றி அதை வலுவாக ஊடாடும் நிலைக்கு நடத்திச் சென்றார்கள். முடிவில் கிடைத்த விகிதம் 0.05-க்கு அருகில், தாமிர ஆக்சைடின் அளவுகோலில் 200 கெல்வின் சுற்றுவட்டாரம். மீக்கடத்துத்திறன் தோன்றும் இடத்துக்கு இன்னும் போகவில்லை, ஆனால் வாசலுக்கு வந்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அளவிலும் முன்னேற்றம் உண்டு: 2024-இல் சீன அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பான் ஜியான்வெய் குழு, ஏறத்தாழ 8 லட்சம் இடங்கள் கொண்ட முப்பரிமாண அணிக்கோவையில் லித்தியம் அணுக்களை ஒரே சீரான அடர்த்தியில் பரப்பி, எதிர்ஃபெர்ரோகாந்த நிலைமாற்றத்தை அதன் மாறுநிலைப் புள்ளியிலேயே அளந்தது. முன்னைய கண்ணிகள் நடுவில் அடர்த்தியாகவும் ஓரத்தில் ஐதாகவும் இருந்ததால், எந்த இடத்தில் நிலைமாற்றம் நடக்கிறது என்பதே மங்கிப்போயிருந்தது. அந்தக் குறையை நீக்கியதுதான் அந்த ஆய்வின் உண்மையான சாதனை, இடங்களின் எண்ணிக்கை அதற்கு அடுத்ததே.

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். ‘குவாண்டம் உருவகப்படுத்தி மீக்கடத்தியின் மர்மத்தை அவிழ்க்கும்’ என்று எழுதுகிறவர்கள் இரண்டு கேள்விகளைக் குழப்புகிறார்கள். ஹப்பர்ட் மாதிரி மீக்கடத்துமா என்பது ஒன்று; தாமிர ஆக்சைடு ஏன் மீக்கடத்துகிறது என்பது மற்றொன்று. குளிர் அணுக்கள் முதல் கேள்விக்குத்தான் விடை சொல்ல முடியும். அந்த மாதிரியில் அதிர்வுறும் அயனிகள் இல்லை, கலப்படங்கள் இல்லை, தொலைவிலும் செயல்படும் கூலூம் விசை இல்லை. மாதிரி மீக்கடத்தவில்லை என்று தெரியவந்தால், அதுவும் சம அளவு மதிப்புள்ள முடிவாகவே இருக்கும்.

மற்றத் திசைகளில் நடப்பவற்றை இதே அளவு விரிவாகச் சொல்லத் தேவையில்லை. ருபீடியம் போன்ற அணுக்கள் ஏறத்தாழத் தொட்டுக்கொண்டால்தான் ஒன்றையொன்று உணரும். டிஸ்புரோசியம், எர்பியம் போன்றவை சிறு காந்தங்களைப்போலத் தொலைவிலிருந்தே உணரும். அவற்றின் செறிநிலைகள் 2011, 2012-இல் கிடைத்தபின், 2019-இல் பீசா–ஃபுளோரன்ஸ், ஸ்டுட்கார்ட், இன்ஸ்புருக் ஆகிய மூன்று இடங்களிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் மீத்திண்மம் காணப்பட்டது: படிகத்தைப்போல ஒழுங்கான இடைவெளியில் அடர்த்தித் திட்டுகள், அதே வேளையில் மொத்தமும் மீப்பாய்மம். இந்த நிலையை 1960-களின் இறுதியிலேயே கோட்பாட்டாளர்கள் முன்வைத்திருந்தார்கள். திண்ம ஹீலியத்தில் கண்டதாக 2004-இல் மோசஸ் சான் குழு அறிவித்தது. 2012-இல் மேம்படுத்திய கருவியில் அந்த அடையாளம் மறைந்துவிட்டதைச் சானே வெளியிட்டார். ஹீலியத்தில் தேடிக் கிடைக்காதது, காற்றைவிட மெல்லிய ஒரு வாயுவில் கிடைத்தது. 2024-இல் இன்ஸ்புருக்கில் ஃபிரான்செஸ்கா ஃபெர்லைனோ குழு அதற்குள் சுழல்களையும் கண்டுவிட்டதால், மீப்பாய்மத் தன்மை பற்றிய வாதம் பெருமளவு முடிந்துவிட்டது.

மூலக்கூறுகள் இன்னும் முரடானவை. அணுக்களைப்போல அவற்றைக் குளிர்விக்கப் போனால், அதிர்வு, சுழற்சி என ஆற்றல் ஒளிந்துகொள்ள நூறு இடங்கள் இருக்கின்றன. குளிர்ந்த இரு அணுவகைகளை எடுத்து, ஃபெஷ்பாக் ஒத்திசைவில் இணைத்து, லேசர்களால் அடிநிலைக்கு இறக்கும் வழியை 2008-இல் ஜிலா குழு பொட்டாசியம்–ருபீடியத்தில் காட்டியபோதும், மூலக்கூறுகள் ஒன்றையொன்று மோதி மறைந்துபோயின. நுண்ணலையால் அவற்றைச் சுழலவைத்து, நெருங்கும்போது ஒன்றையொன்று விலக்கச் செய்யும் கவச முறை வந்தபின்தான் ஆவியாதல் சாத்தியமாயிற்று. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் செபாஸ்டியன் வில் குழு, 2024-இல் வெளியான கட்டுரையில், சோடியம்–சீசியம் மூலக்கூறுகளின் போஸ்–ஐன்ஸ்டைன் செறிநிலையை 6 நானோகெல்வினில் அறிவித்தது. இத்துறையில் அடுத்த பத்தாண்டில் எதிர்பாராதது எங்கிருந்தாவது வரும் என்றால் இங்கிருந்து வரும் என்று நினைக்கிறேன்.

பணம் அதிகமாகப் பாய்வது ஒளி இடுக்கிகளில். இறுகக் குவித்த ஒவ்வொரு லேசர் கற்றையும் ஒரே ஓர் அணுவைப் பிடிக்கிறது. வெற்றிடமான இடுக்கிகளைப் படத்தில் கண்டுபிடித்து, மற்ற அணுக்களை நகர்த்தி நிரப்பும் முறையை 2016-இல் ஹார்வர்ட் குழுவும் பாரிசுக்கு அருகில் அந்துவான் ப்ரோவேஸ் குழுவும் காட்டின. இரு அணுக்களைப் பேசவைக்க, வெளி எலெக்ட்ரானை மிக உயர்ந்த ரிட்பெர்க் நிலைக்கு ஏற்றுகிறார்கள்; ஓர் அணு ஏறிவிட்டால் சில மைக்ரோமீட்டர் தொலைவில் உள்ள மற்றொன்று ஏற முடியாது, அந்தத் தடைதான் குவாண்டம் வாயிலாகப் பயன்படுகிறது. 2023 இறுதியில் ஹார்வர்டில் மிகைல் லூக்கின் குழு 280 அணுக்கள் வரை கொண்டு 48 தருக்கக் கியூபிட்களை (பல அணுக்களைச் சேர்த்துப் பிழைகளைக் கண்டறியும்படி அமைத்த குவாண்டம் தகவல் அலகுகளை) இயக்கியது. 2025-இல் கால்டெக்கில் 6,100 சீசியம் அணுக்களின் அணியும், இழந்த அணுக்களை ஓட்டத்திலேயே நிரப்பி 3,000 அணுக்களை இரண்டு மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து வைத்திருந்த ஹார்வர்ட் கருவியும் வெளியாயின. இங்கும் அணு எவ்வளவு குளிர்ந்தது என்பது இரண்டாம்பட்சம். எந்த இடத்தில் எந்த அணு இருக்கிறது என்பதில் ஐயம் இல்லாதிருப்பதே, அதாவது குறைந்த என்ட்ரோபியே, முதல் தேவை.

ஆரவாரம் இல்லாமல் எல்லாரையும் முந்திச் சென்றது அணுக்கடிகாரம். ஹிடெதோஷி கதோரி 2001-இல் முன்வைத்த யோசனை: ஸ்ட்ரான்சியம் அணுக்களை ஒளி அணிக்கோவையில் அடைத்து, கடிகாரத்தின் துடிப்பைத் தரும் இரு ஆற்றல் நிலைகளையும் அந்த ஒளி சம அளவில் மட்டுமே நகர்த்தும்படி அதன் அலைநீளத்தை, 813 நானோமீட்டருக்கு அருகில், தேர்ந்தெடுப்பது. அப்போது பிடித்திருக்கும் ஒளியால் கடிகாரத்தின் அதிர்வெண் கெடுவதில்லை. 2024-இல் ஜிலாவில் ஜுன் யே குழு அறிவித்த முறைசார் ஐயப்பாடு, அதாவது கடிகாரம் தவறக்கூடிய அளவு, 8.1×10⁻¹⁹; இரண்டு அத்தகைய கடிகாரங்கள் 1 வினாடி வேறுபட ஏறத்தாழ 3,900 கோடி ஆண்டுகள் ஆகும், பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடிதான். புவியில் 1 சென்டிமீட்டர் உயரம் ஏறினால் காலம் 10¹⁸-இல் ஒரு பங்கு வேகமாக ஓடும் என்பதால், இந்தக் கடிகாரங்கள் உயரமானிகளாகவும் ஆகிவிட்டன. கதோரியின் குழு 2020-இல் டோக்கியோ ஸ்கைட்ரீ கோபுரத்தில், 450 மீட்டர் உயர வேறுபாட்டில், மேலே இருந்த கடிகாரம் ஒரு நாளைக்கு 4 நானோவினாடிக்குச் சற்று மேல் முந்துவதை அளந்தது. 2022-இல் யே குழு ஒரே அணுத்திரளின் 1 மில்லிமீட்டர் உயரத்துக்குள்ளேயே அந்த வேறுபாட்டைக் கண்டது. 1967 முதல் சீசியத்தின் 9,192,631,770 அதிர்வுகளால் வரையறுக்கப்படும் வினாடியை, ஒளி அதிர்வெண்ணுக்கு மாற்றும் பேச்சு 2030-ஐ இலக்காக வைத்து நடக்கிறது.

முனைவர் பட்டம் பற்றிய கேள்விக்கு: செய்யலாம், ஆனால் அன்றாட வேலை என்ன என்று தெரிந்து சேருங்கள். ஒரு முனைவர் மாணவரின் முதல் இரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் லேசரை அணுவின் அதிர்வெண்ணில் பூட்டுவதிலும், வெற்றிடக் கலத்தைப் பலநாள் சூடேற்றி உள்ளே ஒட்டியிருக்கும் வாயுக்களை வெளியேற்றுவதிலும், ஒளிக்கற்றைகளை மேசைமேல் நேர்ப்படுத்துவதிலும், காந்தச் சுருள்களுக்கு மின்னோட்டம் தரும் சுற்றுகளின் இரைச்சலைத் தேடித் துரத்துவதிலும் கழியும். குவாண்டம் இயக்கவியலில் மதிப்பெண் வாங்கிவிட்டு மின்னணுவியலை வெறுப்பவருக்கு இது உகந்த இடம் இல்லை; அவருக்கு இதே துறையின் கோட்பாட்டுப் பகுதி இருக்கிறது. இந்தியாவில் மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழகம், புனே ஐசர் ஆகிய இடங்களில் குளிரணு ஆய்வகங்கள் இருக்கின்றன. 2023 ஏப்ரலில் மத்திய அமைச்சரவை 6,003.65 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் திட்டத்தில் குவாண்டம் உணர்தலும் அளவியலும் ஒரு தனிப் பிரிவு. சேருமுன் அந்த ஆய்வகத்துக்கு நேரில் போய், கண்ணி இப்போது இயங்குகிறதா, மாணவர்கள் கடைசியாக எப்போது ஒரு முழுத் தரவுத் தொகுப்பை எடுத்தார்கள் என்று அங்குள்ள மூத்த மாணவரிடம் கேளுங்கள்; வழிகாட்டியின் கட்டுரைப் பட்டியலைவிட அந்த விடை உங்களுக்கு அதிகம் உதவும்.